வாசகர் கேள்வி–பதில்: மணமான செவிலியர் சிறிய மருத்துவமனைகளை விட்டு விலக நினைப்பது ஏன்?

செவிலியர் பணியைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். செவிலியர் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர் விடையளிக்கிறார்.

கேள்வி: அம்மா, முப்பது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது. "கல்யாணம் ஆகிவிட்டாலே நர்ஸுகளுக்கு வேலையில் பிடிப்புப் போய்விடும்" என்கிறார் எங்கள் நிர்வாகி. என்னைப் போன்றவர்கள் சிறிய மருத்துவமனைகளில் நிலைக்காமல் போவதற்கு உண்மையில் திருமணம்தான் காரணமா?

பதில்: திருமணம் காரணமில்லை. உங்கள் நிர்வாகி சொல்வதை நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடிந்ததில்லை. மணமான செவிலியர் பலர் சிறிய மருத்துவமனையைத் தேடி வருவதே குடும்பத்துக்காகத்தான். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடமே நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்ற நம்பிக்கையோடு, பெரிய மருத்துவமனை தரும் கூடுதல் சம்பளத்தைக்கூட விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும்போது விலக நினைக்கிறார்கள். ஆக, எந்த வீட்டுக்காக வந்தார்களோ அந்த வீட்டுக்காகவே போகிறார்கள்.

நம்பிக்கை ஏன் பொய்க்கிறது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றால், ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்வதாக வைத்துக்கொண்டாலும், மூன்றரைப் பேர் தேவை. எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும் என்றால் 7 பேர். அதுவும், அந்த ஏழு பேரில் யாருக்கும் உடம்புக்கு வராமல், யாரும் விடுப்பு எடுக்காமல், யாரும் பயிற்சிக்குப் போகாமல் இருந்தால்தான். ஏழு பேரில் ஒருவர் விலகிவிட்டால் மீதி ஆறு பேரும் ஆளுக்கு வாரம் 56 மணி நேரம் நிற்க வேண்டும். இன்னொருவரும் போய்விட்டால் அது 67 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இருநூறு செவிலியர் உள்ள இடத்தில் ஒருவர் வராமல் போனால் வேறொரு வார்டிலிருந்து ஆளை அனுப்பி அன்றைய பொழுதைச் சமாளித்துவிடுகிறார்கள். ஏழு பேர் உள்ள இடத்தில், அன்றைக்கு ஆஃபில் இருக்கும் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். எனவே சிறிய மருத்துவமனையில் விடுப்பு என்பது, தொலைபேசி ஒலிக்கும் வரை மட்டுமே நீடிக்கிற ஒன்றாக ஆகிவிடுகிறது. மணமாகாத காலத்தில் அந்த அழைப்பு எரிச்சலோடு போய்விடும்; குழந்தையை யாரிடம் விடுவது என்ற ஏற்பாட்டை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றிவிட்ட தாய்க்கு அது ஒரு நாளையே கலைத்துப்போடுகிறது.

அடுத்தது, யாருடைய கணக்கிலும் வராத நேரம். காலை டூட்டி மதியம் இரண்டு மணிக்கு முடிகிறது என்று பட்டியலில் இருக்கும். ஆனால் அடுத்து வருபவர் பத்து நிமிடம் தாமதமாக வருவார். அதற்குள் ஒரு டிஸ்சார்ஜ் வந்திருக்கும். ஒவ்வொரு நோயாளியின் படுக்கையருகிலும் நின்று, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, எந்தப் பரிசோதனையின் முடிவு வர வேண்டியிருக்கிறது, யாருக்குச் சிறுநீர் குறைவாகப் போகிறது என்பதையெல்லாம் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுக்க வேண்டும். பூட்டி வைக்கும் மருந்துகளை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். எழுதாமல் விட்ட குறிப்புகளை எழுதி முடிக்க வேண்டும். மணி மூன்றாகிவிடும். இந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, பதிவும் கிடையாது. பள்ளி வாசலில் காத்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் அது தெரியும். பெரிய மருத்துவமனைகளிலும் இது உண்டுதான். ஆனால் சிறிய இடத்தில் வார்டு எழுத்தர் இல்லை, மருந்தாளுநர் இரவில் இல்லை, ரத்த மாதிரியைக் கொண்டுபோக ஆள் இல்லை என்பதால் அத்தனையும் செவிலியர் தலையில் விழுந்து, அந்த ஒரு மணி நேரம் எளிதில் ஒன்றரை மணி நேரமாகிறது.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையில் எழும் மோதலை 1985இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். நேரத்தால் வருவது ஒன்று. ஓரிடத்தில் சேர்ந்த களைப்பும் மன அழுத்தமும் இன்னோரிடத்துக்கு வழிவதால் வருவது இன்னொன்று. ஓரிடத்துக்குத் தேவையான நடந்துகொள்ளும் முறை மற்ற இடத்துக்குப் பொருந்தாமல் போவதால் வருவது மூன்றாவது. செவிலியர் வாழ்வில் மூன்றுமே உண்டு. இரவு முழுவதும் ஒருவரின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவர், காலையில் வீடு வந்து சேர்ந்ததும் தன் பிள்ளை சாப்பிட அடம்பிடிப்பதைக்கூடப் பொறுக்க முடியாமல் கத்திவிட்டு, பிறகு அதை நினைத்து அழுவதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். இவர்களிடம் குறைந்திருப்பது தூக்கம். பாசத்தில் எந்தக் குறையும் இல்லை.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. ஒரு காலத்தில் பல நாடுகளில் திருமணமானால் செவிலியர் பணியைத் துறந்துவிட வேண்டும் என்ற விதி இருந்தது. மணமாகாத பெண்கள் மருத்துவமனையை ஒட்டிய விடுதியிலேயே தங்கி, அழைத்த நேரத்தில் வந்து நின்றார்கள். காலை, மாலை, இரவு என்று மாறி மாறிச் சுழலும் பணிமுறை அப்படிப்பட்டவர்களைக் கொண்டு நடந்தது. விதி ஒழிந்துவிட்டது, ஆனால் அழைத்தால் உடனே வந்து நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது. உலகச் செவிலியரில் சுமார் 85 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை. அவர்களில் கணிசமானவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது பிள்ளைப்பேற்றையும் குழந்தை வளர்ப்பையும் கடந்து வருவார்கள் என்று தெரிந்தும், அதை எதிர்பாராத விபத்துபோல நடத்தும் நிர்வாகம்தான் தன் பிடிப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்ததுபோக எவ்வளவு மிஞ்சுகிறது என்று வீட்டில் ஒருவர் கணக்குக் கேட்கும் நாளில், பத்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் சென்ற ஆண்டு சேர்ந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்ற நிலை மனத்தை மிகவும் புண்படுத்தும். சிறிய மருத்துவமனையில் இன்சார்ஜ் பொறுப்பு ஒன்றுதான் இருக்கும். அதில் ஏற்கெனவே ஒருவர் இருப்பார்.

கேள்வி: என் மனைவி செவிலியர். டூட்டி முடிந்து வரும் நாளெல்லாம் "நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடுவேன்" என்கிறார். மறுநாள் வழக்கம்போலக் கிளம்பிப் போய்விடுகிறார். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போவது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை 1977இல் மோப்லி என்ற ஆய்வாளர் படிப்படியாக எடுத்துக்காட்டினார். மனக்குறை முதலில் வரும். பிறகு விட்டுவிடலாமா என்ற நினைப்பு. பிறகு வேறு இடம் கிடைக்குமா என்ற தேடல். கிடைப்பதை இருப்பதோடு ஒப்பிடுதல். அதன் பின்னரே விலகும் முடிவு. உங்கள் மனைவி இரண்டாவது படியில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. இந்தக் கட்டத்தில் யாராவது காது கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் நிலைமையைச் சீர்செய்ய முடியும்.

ஒன்றை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். களைப்பாக இருக்கிறது, தூங்க வேண்டும் என்று சொல்கிறவரை அது ஓய்வால் தீரக்கூடியது. நோயாளிகளைப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தவர் அவர்களைப் படுக்கை எண்ணால் மட்டும் குறிப்பிடத் தொடங்கி, எதைச் செய்தும் என்ன பயன் என்று சொல்ல ஆரம்பித்தால் அது வேறு நிலை. உள்ளம் வற்றிப்போதல், மனிதர்களிடமிருந்து விலகி நிற்றல், தான் செய்வதில் பயனில்லை என்று நினைத்தல் ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் முகங்களாகக் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் வகுத்துக் காட்டினார். அந்த நிலையில் அறிவுரை உதவாது; விடுப்பும், தேவைப்பட்டால் மருத்துவ உதவியும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது என்னவென்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவர் இரவு டூட்டி முடிந்து வரும் நாளில் காலை எட்டு மணி முதல் பிற்பகல் வரை வீட்டில் அழைப்பு மணி, குழந்தை, தொலைபேசி எல்லாவற்றையும் உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். "உதவி செய்கிறேன்" என்று சொல்லாமல், அந்த நேரத்து வேலை முழுவதும் உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வரும் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவும் எளிதில் கலைவதாகவும் இருக்கும். அதை நடுவில் இரண்டு முறை கலைத்துவிட்டால் அவர் தூங்கியதாகவே கணக்கில் வராது.

கேள்வி: இருபத்தைந்து படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையை நடத்திவரும் மருத்துவர் நான். நல்ல அனுபவமுள்ள மணமான செவிலியர் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகள் தரும் சம்பளத்தை என்னால் தர இயலாது. வேறு என்ன செய்ய முடியும்?

பதில்: சம்பளத்தை உயர்த்த முடியுமா என்பதை இன்னொரு முறை பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன், ஏனெனில் ஒருவர் விலகும்போது புதியவரைத் தேடி, எடுத்து, பழக்கி, அவர் தனியாக இரவு டூட்டி பார்க்கும் நிலைக்கு வரும் வரை ஆகும் செலவையும், அதுவரை மற்றவர்கள் சுமக்கும் பாரத்தையும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை. அதை எழுதிப் பார்த்தால், இருப்பவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது மலிவாகத் தெரியக்கூடும்.

அதற்கு அடுத்ததாக, பெரிய செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணிப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியருக்கென்று ஓர் உடன்படிக்கையையும் அதனுடன் 157ஆம் எண் பரிந்துரையையும் வெளியிட்டது. செவிலியர் தங்கள் சொந்த வாழ்வையும் குடும்ப வாழ்வையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும்படி, பணி நேரத்தைப் போதிய கால இடைவெளியோடு முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இரு டூட்டிகளுக்கு இடையில் தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும், நடுவில் சம்பளமில்லாத இடைவெளி விட்டு ஒரே நாள் டூட்டியை இரண்டாகப் பிளப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று வரச்சொல்வது நிர்வாகத்துக்கு வசதியாகத் தோன்றலாம். குழந்தை உள்ளவருக்கு அது இரண்டு முறை வீட்டை விட்டுக் கிளம்புவதும், நாள் முழுவதும் வேலையில் இருப்பதும் ஆகும்.

நான்கு வாரத்துக்கான பட்டியலைச் செவிலியரே கூடி உட்கார்ந்து எழுதட்டும். எந்தெந்த நேரத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். ஏழு பேர் இருக்கும் இடத்தில் யாருடைய பிள்ளைக்கு எப்போது தேர்வு, யாருக்கு எந்த நாள் அவசியம் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பெரிய மருத்துவமனை பொறாமைப்பட வேண்டிய வசதி இது. சிறியதாக இருப்பதன் நன்மையை நீங்கள்தான் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறீர்கள். முழு நேரம் வர இயலாதவரை விட்டுவிடாமல், வாரத்தில் மூன்று நாள் வருபவராக வைத்துக்கொள்ளுங்கள். விலகிப்போன நல்ல செவிலியர் ஒருவரை அழைத்து, எந்த நேரம் அவருக்கு ஒத்துவரும் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, செவிலியர் பணியில் சேராத வேலைகளை அவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். பில் போடுவது, வரவேற்பறைத் தொலைபேசி, பொருள் இருப்புக் கணக்கு ஆகியவற்றை வேறொருவர் செய்ய முடியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தனியாக இருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஏறும் குளுக்கோஸ் பாட்டில் முடியப்போகிறது, இன்னொருவர் கழிப்பறைக்குப் போக உதவி கேட்கிறார், வாசலில் மார்வலியோடு ஒருவரைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், அதே நேரம் மேசையில் தொலைபேசி அடிக்கிறது. எதை விட்டாலும் காலையில் கேள்வி வரும். "எனக்கு ஏதாவது தப்பு நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று சொல்லி விலகிய செவிலியர் பலரை நான் அறிவேன். குடும்பக் காரணம் என்றுதான் அவர்கள் கடிதத்தில் எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று தள்ளிவிட முடியாது. லிண்டா எய்கனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியர் கவனிக்கும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியருக்குப் பணிச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுவதாகக் கண்டார்கள். 2004இல் வெளியான இன்னோர் ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் டூட்டியில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவதைக் காட்டியது. டபுள் டூட்டி பார்க்கச் சொல்லும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, அமெரிக்கச் செவிலியர் அகாதெமி கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஏன் போகிறார்கள் என்று கேட்பதை விட்டு, எந்த மருத்துவமனைகளில் நிலைக்கிறார்கள், ஏன் என்று பார்த்தது. 1983இல் வந்த அந்த ஆய்வில் 41 மருத்துவமனைகள் செவிலியரை ஈர்த்துத் தக்கவைப்பவையாகத் தேறின. நிர்வாகத்தினர் கண்ணில் படும் இடத்தில் இருந்தார்கள், செவிலியரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது, பணி நேரத்தில் நெகிழ்வு இருந்தது. உங்களிடம் மீதமிருக்கும் செவிலியரை ஒவ்வொருவராக அழைத்து, இங்கே இன்னும் இருப்பதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இன்னும் திருமணமாகவில்லை. அதனாலேயே எங்கள் மருத்துவமனையில் பண்டிகை நாள் டூட்டியும் பெரும்பாலான இரவு டூட்டியும் எனக்கு வருகின்றன. மணமான அக்காக்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் நானும் மனிதப் பிறவிதானே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒருவருக்குத் தரும் சலுகையை இன்னொருவரின் தோளில் ஏற்றிவைத்துவிட்டு, அதைக் கருணை என்று நிர்வாகம் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஏழு பேர் உள்ள இடத்தில் ஒருவர் பேறுகால விடுப்பில் போகும்போது, தற்காலிகமாக ஆள் எடுக்காமல் மற்ற ஆறு பேரிடமே அந்த வேலையைப் பிரித்துக் கொடுத்தால், வருத்தமெல்லாம் கர்ப்பிணியான தோழியின் மேல் திரும்பிவிடுகிறது. அவரும் அதை உணர்கிறார். திரும்பி வந்த சில மாதங்களில் விலகுகிறவர்களில் சிலர் இந்தக் குற்ற உணர்வால்தான் விலகுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, ஒரு மாதத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை இரவுகள் என்ற எழுத்து வடிவிலான வரம்பையும், கூடுதல் இரவுகளுக்குத் தனிப்படியையும். கூடுமானால் மணமான தோழியரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அவர்களுக்கும் அது நன்மையே.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பிணியாக இருக்கிறேன். இரவு டூட்டி பார்க்கலாமா? மறுத்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் உடல்நிலையைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர்தான் இதற்கு முதல் பதில் சொல்ல வேண்டியவர், அவர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது 16 வாரங்களுக்கு இரவுப் பணிக்கு மாற்று ஏற்பாடு தர வேண்டும் என்றும், அதில் குறைந்தது 8 வாரங்கள் பிரசவத்துக்கு முன் அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. மருத்துவச் சான்று இருந்தால் இன்னும் நீட்டிக்க இடம் தருகிறது. 2000ஆம் ஆண்டு பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கை 14 வாரத்துக்குக் குறையாத விடுப்பைச் சொல்கிறது. இவை எந்த நாட்டில் எந்த அளவுக்குச் சட்டமாகியிருக்கின்றன என்பது வேறுபடும் என்பதால், உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையிலோ செவிலியர் சங்கத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், சான்றை இணைத்துக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தச் சிறிய மருத்துவமனையை விட்டுவிட்டு இன்னொரு சிறிய மருத்துவமனையில் சேர எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு இன்னும் பக்கம். சேருவதற்கு முன் எதையெதை விசாரிக்க வேண்டும்?

பதில்: சென்ற மாதத்துப் பணிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் அழகாக அச்சிட்டது வேண்டாம். அடித்தும் திருத்தியும் வார்டில் தொங்கிய அதே பட்டியல் வேண்டும். எத்தனை இடத்தில் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, ஒரே பெயர் தொடர்ந்து எத்தனை இரவுகள் வருகிறது, மாலை டூட்டி முடித்தவரே மறுநாள் காலையில் வந்திருக்கிறாரா என்று பாருங்கள். இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர், திடீரென ஒருவர் வராவிட்டால் யாரை அழைப்பார்கள், அப்படி வருபவருக்கு மாற்று விடுப்பு உண்டா என்று கேளுங்கள். கடைசியாக விலகியவர் ஏன் விலகினார் என்றும் கேட்டுவிடுங்கள். முடிந்தால் அங்கே இப்போது வேலை செய்யும் ஒரு தாயிடம் தனியாகப் பேசுங்கள். பழைய இடத்திலிருந்து அனுபவச் சான்றிதழும் சம்பள நிலுவையும் கைக்கு வந்த பிறகு, புதிய இடத்தின் பணி நேரம், வார விடுப்பு, மாதத்துக்கு எத்தனை இரவுகள் என்பதெல்லாம் எழுதப்பட்ட நியமனக் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.